காட்டுச்சேவலின் பிள்ளைகள்

கேள்வி:

வணக்கம் டாக்டர் சார். குலசேகரத்துக்கு மேலே, காட்டோரமாக எங்களுக்கு ஒரு ரப்பர் விளை இருக்கிறது. வீட்டுத் தேவைக்குப் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி வளர்க்கிறேன். போன வருஷம் மார்ச் மாதம் ஒரு காட்டுச்சேவல் விடியற்காலையில் விளைக்குள் இறங்கி எங்கள் கோழிகளோடு மேய ஆரம்பித்தது. ஒரு சிவப்புப் பெட்டையோடு அது சேர்ந்ததை நானே இரண்டு தடவை கண்டேன். அந்தப் பெட்டை அடைகாத்து ஒன்பது குஞ்சு பொரித்தது. காக்கையும் கீரியும் கொண்டுபோனது போக நான்கு மிஞ்சின. ஒரு சேவல், மூன்று பெட்டை. சேவலுக்குக் கழுத்து சாம்பல் நிறம், கால் நல்ல மஞ்சள். பெட்டைகளில் இரண்டுக்கு நெஞ்சு இறகு வெள்ளையாகவும் ஓரம் கறுப்பாகவும் இருக்கிறது. மூன்றாவது அதன் தாயைப் போலவே இருக்கிறது.

இப்போது விஷயம் என்னவென்றால், அந்த இளஞ்சேவலோடு சேர்ந்த எங்கள் வெள்ளைக்கோழி பதினொரு முட்டையில் ஆறு பொரித்துவிட்டது. நெஞ்சு வெள்ளையான இரண்டு பெட்டைகளும் அடைக்கு உட்கார்ந்தன, எல்லாம் கூமுட்டை. மூன்றாவது பெட்டைக்கு ஒரு குறையும் இல்லை, எட்டுக்கு ஏழு பொரித்தது. ஒரே தாயின் பிள்ளைகளில் ஏன் இந்த வித்தியாசம்? விலங்கியல் இரண்டாம் வருஷம் படிக்கிற என் மகள், “வேற இனம்னா வாரிசே வராதுன்னுதானே புத்தகத்துல இருக்கு” என்கிறாள். சேவலைச் சண்டைக்கு விற்கலாம், நல்ல விலை கிடைக்கும் என்கிறான் கொழுந்தன். காட்டில் பிறக்க வேண்டியது, காட்டிலேயே விட்டுவிடு என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. மஞ்சள் காலைப் பார்த்தாலே காட்டு ரத்தம் தெரிகிறது என்றும் சொல்கிறார். நான் என்ன செய்ய?

(வாசகி, குலசேகரம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முப்பது வருஷம் கால்நடை மரபியல் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு கோழிக்கூட்டிலிருந்து இத்தனை சுத்தமான குறிப்பு எனக்கு வந்ததில்லை. எத்தனை முட்டை, எத்தனை பொரித்தது, எது ஆண், எது பெண் என்று எல்லாமே எழுதியிருக்கிறீர்கள். பலர் “கோழி சரியில்லை சார், ஏதாவது மருந்து சொல்லுங்க” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். சிவப்புப் பெட்டை காட்டுச்சேவலோடு சேர்ந்ததைக் கண்டீர்கள், சரி. அந்த மாதத்தில் உங்கள் வீட்டுச் சேவல் சும்மாவா இருந்தது? கோழியின் உடம்புக்குள், முட்டைக்குழாயின் கீழ்ப்பகுதியில் விந்தைச் சேர்த்துவைக்கும் நுண்ணிய குழல்கள் உண்டு. ஒரு தடவை சேர்ந்தால் இரண்டு வாரம், சில கோழிகளில் மூன்று வாரம்கூட அந்தச் சேமிப்பிலிருந்தே முட்டைகள் கருவுறும். அதனால் ஒரே அடையில் இருக்கும் முட்டைகளுக்கு இரண்டு தகப்பன் இருப்பது கோழி உலகத்தில் அன்றாட விஷயம். உங்கள் மூன்றாவது பெட்டை தாயைப் போலவே இருக்கிறது, அடைவைத்த முட்டை எட்டில் ஏழு பொரிக்கிறது. அது உங்கள் வீட்டுச் சேவலின் மகள் என்றுதான் நினைக்கிறேன். கேள்வியின் பாதி இங்கேயே கழிந்துவிட்டது. ஒரே தாய்தான், ஆனால் ஒரே தகப்பன் இல்லை.

மற்ற மூன்றும்? சாம்பல் கழுத்தை மட்டும் வைத்து நான் நம்பமாட்டேன். நாட்டுக்கோழியிலேயே கழுத்து இறகின் பொன்னிறத்தை வெள்ளியாக்கும் ஒரு மரபணு இருக்கிறது. காட்டுச்சேவல் கனவில்கூட வராத ஊரிலும் சாம்பல் கழுத்துச் சேவல் பிறக்கும். கழுத்து இறகு ஒன்றை வெயிலில் பிடித்துப் பாருங்கள். காட்டுச்சேவலின் கழுத்து இறகில், தண்டின் நுனியை ஒட்டி, மெழுகுத்துளி சொட்டியதுபோல் பளபளப்பான வெள்ளையும் மஞ்சளுமான சின்னத் தகடுகள் இருக்கும். இந்த மினுமினுப்புக்காகத்தான் வெள்ளைக்காரர்கள் தூண்டில் பூச்சி கட்டுவதற்கு அந்த இறகைக் கப்பல் கப்பலாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். நாட்டுக்கோழி எதற்கும் இது கிடையாது. உங்கள் சேவலின் கழுத்தில் அதன் சாயல் கொஞ்சம் இருந்தாலும் கலப்பு என்று உறுதியாகச் சொல்லலாம். இல்லாவிட்டால் ‘கலப்பே இல்லை’ என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

அடுத்து குரல். காட்டுச்சேவல் நம் சேவலைப் போல் ‘கொக்கரக்கோ’ என்று இழுத்து முடிக்காது. உடைந்த தொண்டையில் வெட்டி வெட்டிக் கத்தும். பேச்சிப்பாறைப் பக்கம் காலையில் கேட்டிருப்பீர்கள். உங்கள் சேவல் இரண்டுக்கும் நடுவில் திணறினால் அதுவும் ஒரு சாட்சி. மூன்றாவது, பருவம். சித்திரை வைகாசி தாண்டி மழைக்காலத்தில் காட்டுச்சேவல் தன் கழுத்து இறகையெல்லாம் உதிர்த்துவிட்டு, கறுத்த குட்டை இறகோடு சில மாதம் ஒளிந்து திரியும். வீட்டுச் சேவலுக்கு அந்த வேஷமாற்றம் பெரும்பாலும் இல்லை. ஆனால் எனக்கு இது எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி, நீங்கள் எழுதிய அந்த நெஞ்சு இறகு. வெள்ளை, ஓரம் கறுப்பு, செதில் அடுக்கினதுபோல். நம் மலைக்காட்டில் இருப்பது சாம்பல் காட்டுக்கோழி; அதன் பெட்டைக்கு நெஞ்சு அப்படித்தான் இருக்கும். சரி, மூன்றும் கலப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி. சேவலுக்கு வாரிசு வருகிறது, அதன் சகோதரிகளுக்கு வரவில்லை.

1922-ல் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற இங்கிலாந்துக்காரர் ஒரு கட்டுரையில் இதைக் கவனித்துச் சொன்னார். (பின்னாளில் 1957-ல் இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடியுரிமையும் வாங்கி, புவனேஸ்வரில் இறந்தவர்.) இரண்டு நெருங்கிய இனங்கள் கலந்து பிறக்கும் பிள்ளைகளில் ஒரு பால் மட்டும் இல்லாமற்போனாலோ, அரிதானாலோ, மலடானாலோ, அது இரண்டு வெவ்வேறு பால் குரோமோசோம் (ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோம்) உள்ள பாலாக இருக்கும் என்றார். மனிதரிலும் மாட்டிலும் ஆணுக்குத்தான் எக்ஸ், ஒய் என்று இரண்டு விதம். பறவையில் தலைகீழ். ஆணுக்கு இரண்டு இசட். பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. ஆகவே பறவைக் கலப்பில் முதலில் அடி வாங்குவது பெண்.

உங்கள் கூட்டிலேயே வைத்துப் பாருங்கள். சேவலுக்குத் தகப்பனிடமிருந்து காட்டு இசட் ஒன்று, தாயிடமிருந்து வீட்டு இசட் ஒன்று. காட்டு இசட்டில் இருக்கும் ஒரு மரபணு மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றால், பக்கத்தில் வீட்டு இசட் இருக்கிறது, சமாளித்துக்கொள்ளும். பெட்டைக்கு அந்த வசதி இல்லை. அதனிடம் இருக்கும் ஒரே இசட் தகப்பன் கொடுத்த காட்டு இசட். டபிள்யூ தாய் கொடுத்த வீட்டு டபிள்யூ. அதில் மரபணு மிகக் குறைவு, கைகொடுக்க ஆள் கிடையாது. குறை அப்படியே வெளியே தெரிந்துவிடுகிறது.

‘ஒத்துப்போகவில்லை’ என்றேன் அல்லவா, அதில் யார்மேலும் குற்றமில்லை. சுசீந்திரத்துத் திருவிழாவில் ஒரு மேளக்குழுவின் தவில்காரரை எடுத்து, இன்னொரு குழுவின் நாதஸ்வரக்காரரோடு முன்னறிவிப்பில்லாமல் உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? இருவரும் வித்வான்கள்தான். ஆனால் பல வருஷம் சேர்ந்து வாசித்துப் பழகிய துணை வேறு, அங்கங்கே தாளம் இடறும். காட்டுக்கோழியின் மரபணுக்கள் பல லட்சம் ஆண்டுகள் தங்களுக்குள்ளேயே பழகினவை. வீட்டுக்கோழியின் மரபணுக்கள் வேறொரு குழுவில் பழகினவை. இடறல் முதலில் தெரிவது பெரும்பாலும் விந்து, முட்டை, கரு உண்டாகும் வேலையில்தான். உடம்பு என்னவோ நன்றாகவே வளர்ந்துவிடும்; உங்கள் பெட்டைகள் இரண்டும் பார்க்கக் கொழுகொழு என்றுதான் இருக்கும்.

ஸ்வீடனின் ஓலாண்ட், கோட்லாண்ட் தீவுகளில் இரண்டு வகை ஈப்பிடிப்பான் குருவிகள் கலந்து வாழ்கின்றன. ஒன்று கறுப்பும் வெள்ளையும். இன்னொன்றுக்குக் கழுத்தில் வெள்ளைப் பட்டை. அவற்றை ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டு பின்தொடர்ந்து பார்த்ததில் தெரிந்ததும் இதுவே: கலப்பு மகள்கள் மலடு, மகன்களுக்குக் குறைந்த அளவில் வாரிசு உண்டு. குலசேகரமும் கோட்லாண்டும் ஒரே கதையைச் சொல்வதைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஒரு சிலிர்ப்பு வரத்தான் செய்கிறது.

இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். ஹால்டேன் சொன்னது ஒரு போக்கு. சாம்பல் காட்டுக்கோழியையும், வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியையும் கூண்டில் வைத்து இணைசேர்த்த ஆய்வுகளில் கலப்புக் குஞ்சுகள் பிறந்து, அவற்றுக்கு அடுத்த தலைமுறையும் வந்திருக்கிறது. ஆகவே கூமுட்டைக்கு எல்லாம் மரபணுவையே குற்றம் சொல்லக் கூடாது. அந்தப் பெட்டைகள் எந்தச் சேவலோடு சேர்ந்தன? கூடப் பிறந்த சேவலோடு என்றால் குறை யாருடையது என்றே சொல்ல முடியாது. மூன்று வாரம் எந்தச் சேவலும் அண்டாமல் தனியாக அடையுங்கள், பழைய சேமிப்பு தீரட்டும். பிறகு நன்றாகப் பொரிக்கவைக்கிற உங்கள் வீட்டுச் சேவலோடு விடுங்கள். அடைவைத்து ஏழாம் நாள் இரவு, முட்டையின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தெளிவாக, மஞ்சள் கரு மட்டும் மிதந்தால் அது கருவே தரிக்காத முட்டை. சிலந்தி வலைபோல் ரத்தக்குழாய் தெரிந்தால் கரு வளர்கிறது. ஒரு ரத்த வளையம் மட்டும் நின்றுபோயிருந்தால், கரு தரித்து முதல் சில நாளில் செத்துவிட்டது. நீங்கள் ‘கூமுட்டை’ என்று ஒரே சொல்லில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதல் வகையும் மூன்றாம் வகையும் இரண்டு தனித்தனி நோய் மாதிரி.

இனி மகளுக்கு. பிள்ளை கேட்பது நல்ல கேள்வி. ‘இனம்’ என்பதற்குப் புத்தகத்தில் இருக்கும் அந்த வரையறை, பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1942-ல் எழுதியதன் வழிவந்தது. அதை ‘கலந்தால் வாரிசு வராது’ என்று சுருக்கிவிட்டார்கள். மேயர் பேசியது இயற்கையில் இரண்டு கூட்டங்களும் தங்கள் தனித்தன்மை அழிந்துபோகாமல் பிரிந்து நிற்பதைப் பற்றி. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கலப்பது அதை உடைக்காது. உலகத்துப் பறவை இனங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று எப்போதாவது வேற்றினத்தோடு கலந்திருப்பதாகக் கணக்கு இருக்கிறது. தூரம் கூடக் கூடத்தான் கதவு சாத்துகிறது. மணிலா வாத்துக் கிடாவையும் சாதாரணத் தாராவையும் சேர்த்தால் கறிக்கு நல்ல குஞ்சு வரும், ஆனால் ஆணும் பெண்ணும் இரண்டுமே மலடு. கோழிக்கும் ஃபெசன்ட்டுக்கும் பிறப்பதும் அப்படியே. சாம்பல் காட்டுக்கோழிக்கும் நாட்டுக்கோழிக்கும் இடையே கதவு பாதி திறந்திருக்கிறது.

சில இடங்களில் கதவு என்று ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். ஐரோப்பாவில் முழுக்கக் கறுத்த காக்கையும், சாம்பல் உடம்புக் காக்கையும் ஒரு குறுகிய கோட்டில் சந்தித்துக் கலக்கின்றன, குஞ்சும் பொரிக்கின்றன. 2014-ல் இரண்டின் முழு மரபுத்தொகுதியையும் ஒப்பிட்டார்கள். எல்லா ஒரு வகைக் காக்கையையும் எல்லா மறு வகைக் காக்கையையும் பிரித்துக்காட்டும் டி.என்.ஏ. எழுத்து வேறுபாடு மொத்தம் 82-தான் கிடைத்தது. அதில் 81 ஒரே இடத்தில், 18-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டில் இருந்தது. நிறத்தோடு தொடர்புள்ள மரபணுக்கள் அங்கே இருக்கின்றன. நிறம் பார்த்து ஜோடி சேருகிற பழக்கமே அந்தக் கோட்டைக் காத்துவருகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மணக்குடிக் காயல் பக்கமோ புத்தளம் உப்பளம் பக்கமோ கூட்டிப்போங்கள். கடலோரக் கொக்கில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு வகை உண்டு. அதே இனத்தில் வெள்ளையாகவும் பறவைகள் உண்டு. நடுவில் திட்டுத்திட்டாகவும் வரும். இதற்கும் நம் வயல்களில் நிற்கும் சின்ன வெள்ளைக் கொக்குக்கும் கலப்பு நடந்திருப்பது மேற்கு இந்தியாவிலும் ஸ்பெயினிலும் பதிவாகியிருக்கிறது. ஆகவே ஒரு திட்டுக் கொக்கைக் கண்டால் அது கலப்பா, இல்லை அந்த இனத்துக்குள்ளேயே இருக்கும் நிற வேறுபாடா என்று கண்ணால் முடிவு செய்வது சிரமம். அலகின் நீளம், கால் நிறம், நடை எல்லாம் பார்த்தும் தகராறு தீராது. உங்கள் சேவலின் சாம்பல் கழுத்தை நான் உடனே நம்பாததற்கும் இதுதான் காரணம்.

அப்புறம் மஞ்சள் கால். பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொல்வது உங்கள் சேவலைப் பொறுத்தவரை தப்பு. ஆனால் அவர் தெரியாமலேயே ஒரு பெரிய உண்மையைத் தொட்டுவிட்டார். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. டார்வின் 1868-ல் அப்படிச் சொன்னார். இப்போதைய மரபுத்தொகுதி ஆய்வுகள் இன்னும் குறிப்பாக, தென்மேற்குச் சீனம், வடக்குத் தாய்லாந்து, மியான்மர் பக்கத்துச் சிவப்புக் காட்டுக்கோழியிடம் போய் நிற்கின்றன. அந்தச் சிவப்புக் காட்டுக்கோழி வட இந்தியாவிலும் வடகிழக்கிலும் மத்திய இந்தியாவிலும் உண்டு. நம் மலைகளில் கிடையாது. அதன் கால் ஈயநிறம். ஆனால் வடசேரிச் சந்தையில் தொங்குகிற கோழிகளைப் பாருங்கள், கறிக்கோழியானாலும் முட்டைக்கோழியானாலும் மஞ்சள் கால்தான் கண்ணில் படும். மூதாதைக்கு இல்லாத மஞ்சள் பேரனுக்கு எங்கிருந்து வந்தது?

2008-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மற்றவர்களோடு சேர்ந்து விடை கண்டுபிடித்தார்கள். கீரையிலும் சோளத்திலும் இருக்கும் மஞ்சள் நிறமியை கோழி தின்கிறது, அது ரத்தத்தில் கலந்து தோலுக்குப் போகிறது. தோலில் ஒரு நொதி அதை வெட்டி நிறமில்லாமல் ஆக்கிவிடுகிறது. பீட்டா கரோட்டின் டைஆக்சிஜனேஸ் 2 என்பது அந்த நொதியை உண்டாக்கும் மரபணுவின் பெயர். மஞ்சள் கால் கோழிகளில் இந்த மரபணு கெட்டுப்போகவில்லை. தோலில் மட்டும் அதன் சுவிட்ச் அணைந்திருக்கிறது. வெட்ட ஆளில்லை, மஞ்சள் தங்கிவிடுகிறது. அந்தச் சுவிட்ச் இருக்கும் துண்டின் எழுத்துகளைச் சிவப்புக் காட்டுக்கோழியோடு ஒப்பிட்டால் பொருந்தவில்லை. நம் சாம்பல் காட்டுக்கோழியோடு ஒப்பிட்டால் பொருந்தியது.

அதாவது, கிழக்கிலிருந்து மனிதரோடு வந்த வளர்ப்புக் கோழி, தென்னிந்தியக் காடுகளின் ஓரத்தில் எங்கோ, எப்போதோ, உங்கள் சிவப்புப் பெட்டை செய்ததையே செய்திருக்கிறது. அந்தக் கலப்பின் ஒரு துண்டு மட்டும், மனிதருக்குப் பிடித்துப்போனதாலோ என்னவோ, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு உலகம் முழுக்கப் போய்விட்டது. அமெரிக்கக் கடையில் விற்கும் கோழியின் மஞ்சள் தோலுக்கும் மேற்குத்தொடர்ச்சி மலைக்கும் உறவு உண்டு. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்ட நாளில் நான் வகுப்பை அரை மணி நேரம் நீட்டிவிட்டேன். பிள்ளைகள் பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.

ஆனால் அதனாலேயே மஞ்சள் கால் உங்கள் சேவலுக்குச் சாட்சி ஆகாது. அந்த மஞ்சள் நம் நாட்டுக்கோழிகளில் ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன், மகள் ரசிப்பாள். மஞ்சள் என்பது ஒடுங்கு பண்பு. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் தெரியும். ஒரு வெள்ளைத்தோல் பெட்டை, வெள்ளையே இரண்டு பங்கும் வைத்திருந்தால், அது காட்டுச்சேவலோடு சேர்ந்து பெற்ற குஞ்சுகளுக்கு மஞ்சள் கால் வரவே வராது. அண்ணாச்சி கணக்குப்படி அந்தக் குஞ்சுகள் காட்டுப்பிள்ளைகளே இல்லை என்று ஆகிவிடும்! உங்கள் சிவப்புப் பெட்டையின் கால் என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லை. முட்டையிடும் பருவத்தில் பார்க்காதீர்கள், மஞ்சளெல்லாம் முட்டைக்குப் போய்க் கால் வெளுத்துவிடும்.

வெள்ளைக்கோழி பொரித்த ஆறு குஞ்சுகளுக்கு வருவோம். உங்கள் விளையில் ‘நூற்றைந்து’ ரப்பர்தான் நிற்கும் என்று நினைக்கிறேன். கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் இரண்டு வேறு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய மரம் அது. ஒட்டுக்கட்டி வளர்ப்பதால் தோட்டம் முழுக்க ஒரே மாதிரி நிற்கிறது. அதன் கொட்டையை முளைக்கவைத்தால் நூற்றைந்து வருமா? ஒன்று பால் வார்க்கும், ஒன்று வார்க்காது, ஒன்று கோணும். கலப்பின் முதல் தலைமுறைக்குள் இரண்டு பக்கமும் முழுசாக இருக்கும். அடுத்த தலைமுறைக்குப் போகும்போது சீட்டைக் கலைத்துப் போட்டதுபோல் துண்டு துண்டாகப் பிரியும். உங்கள் ஆறு குஞ்சுகளுக்குச் சராசரியாகக் கால்பங்கு காட்டு மரபு. ஆனால் ஒன்றுக்குக் கூட இருக்கும், ஒன்றுக்குக் குறைய இருக்கும். அதன் பிள்ளைகளுக்கு அரைக்கால், பிறகு வீசம் என்று தேயும். ஐந்தாறு தலைமுறையில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, துண்டுகள் மட்டும் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

டி.என்.ஏ. பரிசோதனை செய்யலாமா என்று மகள் அடுத்து கேட்பாள். செய்யலாம், ஆனால் மலிவான பரிசோதனையில் ஏமாறக் கூடாது. பறவை இனத்தைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.-வைத்தான் படிப்பார்கள். அது தாயிடமிருந்து மட்டும் வருவது. உங்கள் சேவலின் தாய் வீட்டுக்கோழி. பரிசோதனை ‘இது சுத்தமான வீட்டுக்கோழி’ என்று நூறு சதவீத நம்பிக்கையோடு பதில் சொல்லும். பெட்டைகளின் டபிள்யூ குரோமோசோமைப் படித்தாலும் அதே கதை. தகப்பன் யார் என்று கேட்க வேண்டுமானால் மற்ற குரோமோசோம்களில் பல இடங்களைப் படிக்க வேண்டும்.

கடைசியாக, என்ன செய்வது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

காட்டில் விடாதீர்கள். அண்ணாச்சி நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் அது காட்டுக்குச் செய்யும் தீங்கு. காட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு துண்டு மரபு வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை; மஞ்சள் கால்போல அது வெகுகாலமாக நடந்துவருகிறது. வீட்டிலிருந்து காட்டுக்குப் போனால் கணக்கு வேறு. வீட்டுக்கோழி நம் கோடிக்கணக்கான கூடுகளில் இருக்கிறது, காட்டுக்கோழி எண்ணிக்கையில் அதன் பக்கத்தில்கூட வராது. சிங்கப்பூரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நூறு வருஷத்துக்கு முந்தைய அருங்காட்சியக மாதிரிகளோடு இன்றைய சிவப்புக் காட்டுக்கோழிகளை ஒப்பிட்டு 2023-ல் எழுதினார்கள். வீட்டுக்கோழியின் மரபு அவற்றுக்குள் பெரிய அளவில் நுழைந்திருக்கிறது. பயந்து பறக்க வேண்டியது பயப்படாமல் நிற்கும், மரத்தில் தங்க வேண்டியது தரையில் தங்கும், மரநாய்க்கு விருந்து. மரபோடு நோயும் போகும். வெள்ளைக்கழிச்சல், அம்மை எல்லாம் நம் கூட்டிலிருந்து காட்டுக்குப் போகக்கூடியவை.

சண்டைக்கும் விற்காதீர்கள். சேவற்கட்டு 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் மாட்டும். அதோடு கொழுந்தன் ‘காட்டுச்சேவல் வாரிசு’ என்று விளம்பரம் செய்தால் வனத்துறை வாசலுக்கு வரும். சாம்பல் காட்டுக்கோழி 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட பறவை. பிடிப்பது, வளர்ப்பது, முட்டை எடுப்பது எதுவும் கூடாது. ‘தானே வந்தது, நான் பிடிக்கவில்லை’ என்பது உண்மைதான். அந்த உண்மையை நீங்களே முதலில் பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் சொல்லிவைத்துவிட்டால் பிற்பாடு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

சேவலை வலைபோட்ட கூண்டில் வையுங்கள், விளைக்குள் அவிழ்த்துவிட வேண்டாம். கலப்பு மகன்தான் மரபை இரண்டு பக்கமும் கொண்டுபோகக்கூடியது. அது காட்டோரம் திரியக் கூடாது. மலட்டுப் பெட்டைகள் எங்கும் எதையும் கொண்டுபோகாது, ஆனாலும் நோய் கருதி அவற்றையும் கூட்டோடு வையுங்கள். வரும் மாசி முதல் வைகாசி வரை, காட்டுச்சேவல் இறங்கும் விடியற்காலையிலும் அந்தியிலும், உங்கள் கோழிகளை வெளியே விடாமல் வெயில் ஏறினபின் திறந்துவிடுங்கள். வாசலில் சிந்திய அரிசியும் தீவனமும்தான் அதற்கு அழைப்பு. கூட்டுக்குள்ளேயே தீனி போடுங்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை போடுகிற கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை விட்டுவிடாதீர்கள்.

இரண்டு உதவி எனக்கும் வேண்டும். உங்கள் சேவல் உதிர்க்கும் கழுத்து இறகு ஒன்றைக் காகிதத்தில் மடித்து, தேதி எழுதி வையுங்கள். அப்புறம், வெள்ளைக்கோழியின் ஆறு குஞ்சுகளில் எத்தனை பெட்டை, அவை பருவத்துக்கு வந்து முட்டையிட்டதும் எத்தனை பொரித்தது என்று மகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பெட்டைகளுக்குத் தகப்பன் கொடுத்த ஒற்றை இசட்டில் காட்டுத் துண்டும் வீட்டுத் துண்டும் கலந்து வந்திருக்கும். ஒன்றுக்கு ஒன்று வேறாக. ஒன்று பொரித்து, இன்னொன்று கூமுட்டையிட்டால், குறை அந்த இசட்டின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேட ஒரு நூல் கிடைக்கும். நோட்டு நிரம்பினதும் எனக்கு எழுதுங்கள்.